ஒகேனக்கல் இணையத்தில் என்னவாகத் தெரிகிறது? காவிரிக்கரைச் சூழல் சுற்றுலாவை அளந்து பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஒகேனக்கல் என்று தட்டினால் படமும் வீடியோவும் செய்தியுமாகக் கொட்டுகிறது. அதனால் 'எங்கள் ஊர் இணையத்தில் தெரிகிறதா?' என்று கேட்பதில் பெரிய பயன் இல்லை. என்னவாகத் தெரிகிறது என்றுதான் கேட்க வேண்டும். அருவிக் குளியல், எண்ணெய் மசாஜ், மீன் வறுவல், 'நீர்வரத்து அதிகரிப்பு: பரிசல் இயக்கத் தடை' என்ற தலைப்புச் செய்தி. பெரும்பாலும் இந்த நான்குக்குள் ஊர் அடங்கிவிடுகிறது.

அதே காவிரிக்கரையில் நீர்நாய் இருக்கிறது, முதலை இருக்கிறது, கரையோர மருத மரங்களில் தாவித் திரியும் சாம்பல் நிற மலை அணில் இருக்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளைச் சேர்த்து 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமும், 2022-ல் சுமார் 686 சதுர கிலோமீட்டர் பரப்பில் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமும் அறிவிக்கப்பட்டன. ஊரின் இந்த இயற்கை முகம் இணையத்தில் எவ்வளவு தெரிகிறது என்று கணக்கெடுக்கும் வழியைத்தான் இங்கே எழுதுகிறேன். பிச்சாவரம், காரங்காடு போன்ற கடலோர ஊர்களுக்கும் இதே முறை பொருந்தும். நமக்குக் கடல் இல்லை, ஆறு இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம்.

பென்னாகரம் பக்கம் தங்கும் விடுதி நடத்துபவர், ஊட்டமலைப் பரிசல் ஓட்டிகள், மகளிர் சுயஉதவிக் குழு, கல்லூரியில் திட்ட அறிக்கை எழுத வேண்டிய மாணவர் என யாரும் செய்யலாம். ஒரு போன், ஒரு எக்செல் தாள், சில நாள் மாலை நேரம் போதும். காசு கட்டி எந்த மென்பொருளும் வாங்க வேண்டாம்.

முதல் வேலை: எல்லையையும் பெயரையும் முடிவு செய்வது

அருவியை மட்டும் பார்க்கப் போகிறீர்களா, அஞ்செட்டி, பிலிகுண்டுலு, ஒகேனக்கல், பென்னாகரம் என்று கரையும் காடும் சேர்ந்த பகுதி முழுவதையுமா? இரண்டாவதைத்தான் நான் சொல்வேன். சூழல் சுற்றுலா என்பது அருவியில் இறங்கிக் குளித்துவிட்டுத் திரும்புவது இல்லை. ஆனால் அந்தப் பகுதி இரண்டு மாவட்டங்களில் கிடக்கிறது. அஞ்செட்டியும் பிலிகுண்டுலுவும் கிருஷ்ணகிரி மாவட்டம், அருவி தருமபுரி மாவட்டம், எதிர்க்கரை கர்நாடகம். ஒரு மாவட்டத்தின் பக்கத்தை மட்டும் பார்த்தால் பாதிதான் கிடைக்கும்.

அப்புறம் எழுத்து. ஒகேனக்கல், ஒக்கேனக்கல், ஹொகேனக்கல், ஹோகனேக்கல் என்று தமிழிலேயே பல விதமாக எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் 'க' ஒற்றையாக ஒரு தடவை, இரட்டையாக ஒரு தடவை. இவை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கன்னடத்திலும் தெலுங்கிலும் எப்படி எழுதுவார்கள் என்று ஓசூர்ப் பக்கம் யாரையாவது கேட்டு அதையும் சேருங்கள். வார இறுதியில் வந்து நிற்கிற கார்களில் எத்தனை கர்நாடகப் பதிவெண் என்று பார்த்தவர்களுக்கு இது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.

கேள்விப் பட்டியல் தயாரித்தல்

பயணிகள் தேடுவது மூன்று விதம். ஊர்ப் பெயர் தெரிந்தவர்கள் 'ஒகேனக்கல் பரிசல் கட்டணம்', 'ஒகேனக்கல் இன்று குளிக்க அனுமதி உண்டா', 'தருமபுரி ஒகேனக்கல் பஸ் நேரம்' என்று தேடுவார்கள். ஊர்ப் பெயர் தெரியாதவர்கள் 'பெங்களூருக்குப் பக்கத்தில் ஒரு நாள் பயணம்', 'சேலம் அருகே அருவி' என்று போவார்கள். மூன்றாவது கூட்டம் சிறியது, ஆனால் நமக்கு வேண்டியது அதுதான்: 'காவிரியில் நீர்நாய் எங்கே பார்க்கலாம்', 'கிருஷ்ணகிரி மலையேற்றம் அனுமதி', 'தமிழ்நாட்டில் பறவை பார்க்கும் இடங்கள்', 'குழந்தைகளுடன் காட்டுப் பயணம்'.

ஒவ்வொரு விதத்திலும் பத்துக் கேள்வி எழுதினால் போதும். நீங்களாக யோசித்து எழுதுவதைவிட, தேடல் பெட்டியில் ஊர்ப் பெயரைத் தட்டி நிறுத்தினால் கீழே விரிகிற பரிந்துரைகளையும், முடிவுப் பக்கத்தில் 'மக்கள் இதையும் கேட்கிறார்கள்' என்று வரும் கேள்விகளையும் எடுத்துக்கொள்வது நல்லது. அவை நிஜ ஆட்கள் தட்டியவை. இந்தப் பட்டியலை முடித்த பிறகு மாற்றக் கூடாது. ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்கும்போது இதே கேள்விகள்தான் வேண்டும்.

தேடிப் பார்த்தல்

இங்கேதான் அதிக நேரம் போகும், போகட்டும். உங்கள் போனில் சாதாரணமாகத் தேடாதீர்கள். நீங்கள் தினமும் ஒகேனக்கல்லைத் தேடுகிறவர் என்று கூகுளுக்குத் தெரியும், உங்களுக்குப் பிடித்ததைத்தான் முதலில் காட்டும். இன்காக்னிட்டோ சாளரத்தைத் திறந்து, கணக்கிலிருந்து வெளியேறித் தேடுங்கள். அப்போதும் இணைய இணைப்பை வைத்து நீங்கள் இருக்கிற இடத்தை அது ஊகித்துக்கொள்ளும். பென்னாகரத்தில் உட்கார்ந்து தேடினால் பென்னாகரத்துக்காரருக்கான விடைதான் வரும். எனவே பெங்களூரு, சென்னை, கோயம்புத்தூரில் இருக்கும் உறவுக்காரர்களிடம் ஐந்து கேள்வியை அனுப்பி, முடிவுப் பக்கத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையே பல மனக்கணக்கைக் கலைத்துவிடும்.

ஒவ்வொரு கேள்விக்கும் முதல் பத்து முடிவுகளைத் தாளில் பதியுங்கள். எத்தனையாவது இடம், யாருடைய பக்கம், எந்த மொழி, எந்த ஆண்டு எழுதியது, எதைப் பற்றி. 'யாருடையது' என்பதற்கு ஆறு வகை போதும்: அரசு, செய்தி நிறுவனம், அறை முன்பதிவுத் தளம், பயணப் பதிவர், உள்ளூர்க்காரர், மற்றவை. உள்ளூர்க்காரர் என்ற கட்டத்தில் எத்தனை விழுகிறது என்று தனியாகப் பாருங்கள். ஊரைப் பற்றி வெளியூர்க்காரர்களே பேசிக்கொண்டிருந்தால், முன்பதிவில் வரும் தரகுத்தொகையும் வெளியூருக்கே போகிறது என்று அர்த்தம்.

பிறகு ஒவ்வொரு பக்கத்துக்கும் மூன்று கேள்வி. பன்னாட்டுச் சூழல் சுற்றுலாச் சங்கம் 2015-ல் திருத்திய வரையறையை ஒட்டி இவற்றை வைத்திருக்கிறேன்: இயற்கையைக் காப்பது பற்றி ஏதாவது சொல்கிறதா? உள்ளூர் மக்களுக்கு வருமானம் போகிற வழியைச் சொல்கிறதா? பயணி எதையாவது கற்றுக்கொள்ள இடம் தருகிறதா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. பரிசல் சவாரி பற்றிய பக்கம் 'பாறைகளுக்கு நடுவே திகில் பயணம்' என்றால் மூன்றும் பூஜ்ஜியம். பரிசல் ஓட்டிகளின் பிழைப்பு அந்தத் தண்ணீரை நம்பி இருக்கிறது என்றும், உயிர்காப்பு உடை கட்டாயம் என்றும், சோப்பும் ஷாம்பூவும் ஆற்றுக்குள் வேண்டாம் என்றும் எழுதியிருந்தால் மதிப்பெண் ஏறும். இப்படி எண்ணி முடித்தால் 'தெரிகிறோம்' என்ற நினைப்புக்கும் 'சூழல் சுற்றுலாவாகத் தெரிகிறோம்' என்பதற்கும் இடையில் உள்ள தூரம் எண்ணாகவே கிடைத்துவிடும்.

ஒகேனக்கல்லுக்கு மட்டும் ஒரு கூடுதல் தொல்லை உண்டு. அந்தப் பெயரில் சுற்றுலா இல்லாத செய்தி நிறைய. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் புளோரைடு பிரச்சினைக்காக 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரும் ஒகேனக்கல்தான். குழாய் உடைந்த செய்தி முதல் பத்தில் வந்தால் அதைச் சுற்றுலாக் கணக்கில் சேர்க்காதீர்கள். பிலிகுண்டுலு இன்னும் மோசம். மத்திய நீர்வள ஆணையம் காவிரி நீரை அளக்கும் இடம் என்பதால் அந்தப் பெயரைத் தேடினால் கனஅடிக் கணக்கும் இரு மாநில நீர்ப் பங்கீட்டுச் செய்தியும்தான் வரிசை கட்டும்.

கூகுள் டிரெண்ட்ஸ்: கவனமாகப் படிக்க வேண்டிய கோடு

ஒரு சொல்லை மக்கள் கூகுளில் எந்தக் காலத்தில் அதிகம், எந்தக் காலத்தில் குறைவாகத் தேடினார்கள் என்று கோடாக வரைந்து காட்டும் கருவி இது. இது இலவசம், 2004 முதல் தரவு இருக்கிறது. ஆனால் பலர் தப்பாகப் படிக்கிற கருவியும் இதுதான். இதில் வரும் 0 முதல் 100 வரையான எண் தேடியவர்களின் எண்ணிக்கை இல்லை. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தில் உச்சமாக இருந்த நேரத்தை 100 என்று வைத்து மற்றதை அதற்கு ஒப்பிட்டுத் தருகிறது. காலத்தை மாற்றினால் எண்ணும் மாறும்.

ஒரு சின்ன உத்தி. வெவ்வேறு எழுத்துகளைக் கூட்டல் குறி போட்டு ஒரே வரியில் தரலாம்: ஒகேனக்கல் + ஒக்கேனக்கல் + ஹொகேனக்கல். வேண்டாததைக் கழித்தல் குறி போட்டு விலக்கலாம்: ஒகேனக்கல் -குடிநீர். 'தலைப்பு' என்ற வகையில் தேர்ந்தெடுத்தால் மொழி வேறுபாடில்லாமல் அந்த இடத்தைத் தேடிய எல்லாம் சேர்ந்து வரும். இரண்டையும் எடுத்துப் பாருங்கள்.

ஐந்து ஆண்டுக் கோட்டில் ஆடி, ஆவணியில் ஏற்றம் தெரிந்தால் உடனே மகிழ வேண்டாம். அது ஆடிப்பெருக்குக் கூட்டமாகவும் இருக்கலாம், கர்நாடக அணைகள் நிரம்பித் திறந்துவிட்ட வெள்ளமாகவும் இருக்கலாம். வெள்ளத்தின்போது தேடுபவர் பயணி இல்லை, மேட்டூர் அணை நிரம்புமா என்று பார்க்கிற டெல்டா விவசாயியாகவும் இருப்பார். கோட்டுக்குக் கீழே வரும் 'தொடர்புடைய தேடல்கள்' பகுதியைத் திறந்து பாருங்கள். அங்கே 'நீர்வரத்து', 'மேட்டூர் அணை' என்று இருந்தால் செய்தித் தேடல். 'தங்கும் விடுதி', 'பரிசல்' என்று இருந்தால் பயணத் தேடல். மார்ச் முதல் மே வரை, தண்ணீர் குறைந்து பள்ளி விடுமுறையும் சேரும் காலத்தில் கோடு எப்படி இருக்கிறது என்பதுதான் சுற்றுலா ஆர்வத்தை ஓரளவு நேராகக் காட்டும் என்பது என் எண்ணம்.

ஒப்பிட்டுப் பார்க்க பிச்சாவரத்தைச் சேருங்கள், ஏற்காட்டையும் குற்றாலத்தையும் வேண்டுமானால் சேருங்கள். பிச்சாவரம் நல்ல அளவுகோல், ஏனென்றால் அங்கும் படகில் ஏறிப் போவதுதான் முக்கிய அனுபவம். ஆனால் அந்தப் பெயரோடு அலையாத்திக் காடு என்ற சொல் ஒட்டிக்கொண்டே வருகிறது. உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலிலும் 2022-ல் சேர்ந்தது. சென்னை அருகே கோவளம் கடற்கரைக்கு 2021-ல் நீலக்கொடி என்ற பன்னாட்டுக் கடற்கரைத் தரச் சான்று கிடைத்தபோதும் அப்படித்தான், அந்த ஊர்ப் பெயரோடு சேர்த்துத் தேட ஒரு சொல் கிடைத்தது. நம் காவிரிக்கரையில் 'பரிசல்' இருக்கிறது, 'அருவி' இருக்கிறது, 'சரணாலயம்' இன்னும் ஒட்டவில்லை. வத்தல்மலை, அஞ்செட்டி மாதிரி சிறிய பெயர்களைப் போட்டால் 'போதிய தரவு இல்லை' என்று வரலாம். அதையும் முடிவாகவே குறித்துக்கொள்ளுங்கள்.

வரைபடமும் மதிப்புரையும்

கூகுள் மேப்ஸில் அருவி, பரிசல்துறை, முதலைப் பண்ணை, பேருந்து நிலையம், தொங்கு பாலம், வனத்துறைச் சோதனைச் சாவடி ஒவ்வொன்றையும் தேடி, குறி சரியான இடத்தில் விழுகிறதா என்று பாருங்கள். ஆற்றின் நடுவிலோ கர்நாடகக் கரையிலோ விழுந்தால் பயணி சுற்றி அலைவார். நேரம், விடுமுறை, தொலைபேசி எண் சரியா என்று அழைத்தே பார்த்துவிடலாம். வழி கேட்டால் எந்தச் சாலையைக் காட்டுகிறது என்பதும் முக்கியம். ஓசூர்ப் பக்கமிருந்து வருபவருக்கு அஞ்செட்டி வழிக் காட்டுச் சாலை குறுக்கு வழியாகத் தெரியும். யானை நடமாட்டம் உள்ள சாலை என்பதை மேப் சொல்லாது. அந்த எச்சரிக்கை முதல் பத்து முடிவுகளில் எங்காவது இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் அறிக்கையில் தடித்த எழுத்தில் எழுதுங்கள்.

மதிப்புரைகளில் நட்சத்திரச் சராசரி எனக்குப் பெரிதாகப் படவில்லை. அருவியைப் பார்த்துப் பரவசப்பட்டவர் ஐந்து நட்சத்திரம் போட்டுவிட்டு, கீழே குப்பையைப் பற்றி இரண்டு வரி எழுதியிருப்பார். 'புதியவை முதலில்' என்று வரிசை மாற்றி நூறு மதிப்புரை படியுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஓர் அடையாள எழுத்து: கு என்றால் குப்பையும் கழிப்பறையும், கா என்றால் காசு, பேரம், கூடுதல் கட்டணம், பா என்றால் பாதுகாப்பு, இ என்றால் இயற்கை. ஒரே மதிப்புரைக்கு இரண்டு மூன்று எழுத்து வரலாம். கடைசியில் 'இ' எத்தனை, அதில் 'தண்ணீர் அழகு' என்பதைத் தாண்டி ஒரு பறவை, ஒரு மரம், ஒரு விலங்கின் பெயர் எத்தனை இடத்தில் வருகிறது என்று எண்ணுங்கள். சலிப்பான வேலைதான். ஆனால் பயணி எதைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போகிறார் என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் இடம் வேறு இல்லை.

பரிசல் கட்டணத்துக்குத் தனியாக ஒரு வரி ஒதுக்குங்கள். முதல் பத்துப் பக்கங்களும் மதிப்புரைகளும் சொல்லும் தொகைகளை, எழுதிய தேதியோடு வரிசையாகப் போட்டு, பரிசல்துறையில் இப்போது எழுதிவைத்திருக்கும் கட்டணத்தோடு ஒப்பிடுங்கள். பேரத்தில் தொடங்கும் சண்டைகளில் பாதி, பழைய தொகையை இணையத்தில் படித்துவிட்டு வருவதால் வருகிறது.

வீடியோவும் ரீல்ஸும்

யூடியூபில் ஊர்ப் பெயரைப் போட்டு, அதிகம் பார்க்கப்பட்ட பத்து, இந்த ஆண்டில் வந்த பத்து என இரண்டு பட்டியல் எடுங்கள். முழுதாகப் பார்க்க வேண்டாம். முதல் நிமிடத்தில் என்ன காட்டுகிறார்கள், முகப்புப் படத்தில் என்ன இருக்கிறது என்பது போதும். கெண்டை வறுபடுகிற தோசைக்கல் எத்தனை, பரிசல் எத்தனை, காடு எத்தனை? மீன் வறுவல் மீது எனக்கு எந்தக் கோபமும் இல்லை, சமைத்துத் தரும் பெண்களுக்கு நேரடி வருமானம் அது. ஆக, சமைப்பவர் பேசுகிற வீடியோவுக்கு உள்ளூர் வருமானக் கட்டத்தில் 1 போடுங்கள்.

வீடியோவைவிடக் கீழே உள்ள கருத்துகள் பயனுள்ளவை. 'இப்போ தண்ணி இருக்கா?', 'குடும்பத்தோட போகலாமா?', 'பஸ் எத்தனை மணி வரை?' என்று மக்கள் கேட்டுப் பதில் வராமல் கிடக்கும் கேள்விகளை அள்ளி வையுங்கள். இன்ஸ்டாகிராமில் இடக் குறியைத் திறந்து சமீபத்திய பதிவுகளைப் பாருங்கள். தடை செய்த இடத்தில் பாறை விளிம்பில் நின்று எடுத்தவை தென்பட்டால் அதையும் குறியுங்கள்.

இயற்கைப் பதிவுகள்

சூழல் சுற்றுலாப் பயணி பார்க்கிற இடங்கள் வேறு. பறவை பார்ப்பவர்கள் ஈபேர்டு தளத்தில் போய் அந்த இடத்தின் பட்டியலைப் பார்ப்பார்கள், மற்ற உயிர்களுக்கு ஐநேச்சுரலிஸ்ட். இரண்டிலும் ஒகேனக்கல், அஞ்செட்டி, கிருஷ்ணகிரி அணை என்று தேடி எத்தனை இனம், எத்தனை பேர் பதிந்தது, கடைசிப் பதிவு எப்போது என்று எழுதுங்கள். கிருஷ்ணகிரி அணையைச் சேர்ப்பதற்குக் காரணம், நீர்ப்பறவை பார்க்க அதற்காகவே வருகிறவர் உண்டு.

விக்கிப்பீடியாவில் இரண்டு சரணாலயங்களுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் உள்ள கட்டுரைகளை ஒப்பிடுங்கள். பக்கப் பார்வை எண்ணிக்கையை மொழிவாரியாக எடுக்க விக்கிமீடியாவின் இலவசக் கருவி இருக்கிறது, 2015 ஜூலையிலிருந்து கணக்கு கிடைக்கும். அருவிக் கட்டுரையின் பார்வைகளுக்குப் பக்கத்தில் சரணாலயக் கட்டுரையின் பார்வைகளை வைத்தால் மேலே சொன்ன தூரம் மறுபடி எண்ணாக வரும்.

அரசுத் தளங்கள், ஏஐ

மாவட்டத் தளம், சுற்றுலாத் துறைத் தளம், வனத்துறைத் தளம் மூன்றையும் போனில் திறந்து பார்த்தால் போதும். தமிழ்ப் பக்கம் இருக்கிறதா, இணைப்புகள் திறக்கின்றனவா, சரணாலயம் என்ற சொல் வருகிறதா. 2024-ல் தமிழ்நாடு அரசு 40 பாதைகளோடு தொடங்கிய மலையேற்றத் திட்டத்தில் கிருஷ்ணகிரி மாவட்டப் பாதைகளும் உண்டு. 'ஒகேனக்கல் அருகே' என்று தேடுபவருக்கு அவை கண்ணில் படுகின்றனவா என்று சோதியுங்கள்.

இப்போது பலர் கூகுளுக்குப் போகாமல் ஏஐயிடமே கேட்கிறார்கள். உங்கள் பட்டியலில் இருந்து ஐந்து கேள்வியை இரண்டு மூன்று ஏஐகளிடம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கேளுங்கள். எந்த மாவட்டம் என்று சொல்கிறது, வெள்ளக் காலத்தில் பரிசல் நிறுத்தப்படும் என்று சொல்கிறதா, இல்லாத விடுதியைப் பரிந்துரைக்கிறதா என்று பாருங்கள். வேறொரு நாளில் திரும்பக் கேட்டால் விடை மாறும் என்பதால் தேதி போட்டு வையுங்கள்.

ஆற்றங்கரையில் ஒரு சரிபார்ப்பு

இணையத்தில் எடுத்த கணக்கை ஊரில் வைத்துப் பார்க்காவிட்டால் பாதி வேலைதான். ஒரு சனிக்கிழமையும் ஒரு வேலை நாளும் பேருந்து நிலையத்திலும் கார் நிறுத்துமிடத்திலும் நின்று, வருபவர்களிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: எந்த ஊர், எதைப் பார்த்து வந்தீர்கள், இங்கே சரணாலயம் இருப்பது தெரியுமா? ஆடிப்பெருக்குக்குப் பேருந்து ஏறி வருகிற குடும்பங்கள் எதையும் தேடி வருவதில்லை, பாட்டி காலத்திலிருந்து வருகிறார்கள். அவர்களை இணையக் கணக்கில் குழப்பாமல் தனியாக எழுதுங்கள். பரிசல் ஓட்டிகளிடமும் பேசுங்கள். எந்த மாநிலத்துக்காரர் எந்த மாதத்தில் வருகிறார் என்பது எந்த டிரெண்ட்ஸையும்விட அவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

மதிப்பெண்ணைக் கூட்டாதீர்கள்

எல்லாவற்றையும் சேர்த்து நூற்றுக்கு இத்தனை என்று ஒரே எண்ணாக்க ஆசை வரும். வேண்டாம். தெரிகிறதா, என்னவாகத் தெரிகிறது, சரியான தகவலோடு தெரிகிறதா என்று மூன்று தனி வரியாக வையுங்கள். முதல் வரியில் ஒகேனக்கல் எளிதாகத் தேறும், கூட்டினால் அந்த எண் மற்ற இரண்டின் பலவீனத்தை மூடிவிடும்.

இன்னொரு பட்டியலும் வேண்டும்: தெரியவே கூடாதவை. நீர்நாய் வளை, ஆமை முட்டையிடும் மணல்திட்டு, யானை தண்ணீருக்கு இறங்கும் துறை, அனுமதியில்லாத காட்டுப் பாதை. அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் சரியான இடத்தை ஐநேச்சுரலிஸ்ட் தானாகவே மறைத்துக் காட்டுகிறது. ஆனால் ஒரு ரீல்ஸ் அதை மறைக்காது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி சரணாலயத்துக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். இப்படிப்பட்ட இடம் இணையத்தில் நன்றாகத் தெரிகிறது என்றால் அது வெற்றி இல்லை, வனச்சரகரிடம் உடனே சொல்ல வேண்டிய செய்தி. அந்த இடங்களின் பெயரை அறிக்கையில் எழுதாமல் நேரில் சொல்லுங்கள்.

அறிக்கை இரண்டு பக்கம் போதும். முதல் பக்கத்தில் மூன்று வரி முடிவும், பதில் கிடைக்காத கேள்விகளும், தவறான தகவல்களும். இரண்டாம் பக்கத்தில் யார் எதைத் திருத்த முடியும் என்பது. மேப்ஸ் குறியை யாரும் திருத்தக் கோரலாம், விக்கிப்பீடியாக் கட்டுரையை மாணவர்கள் சான்றோடு விரிவாக்கலாம், கட்டணமும் தடை அறிவிப்பும் ஒரே இடத்தில் அன்றன்று வர மாவட்ட நிர்வாகத்திடம் மனு தரலாம். ஒரு பிரதி சுற்றுலா அலுவலருக்கு, ஒன்று வனச்சரக அலுவலகத்துக்கு, ஒன்று பரிசல் ஓட்டிகளுக்கு. அடுத்த அளவீட்டை வெள்ளம் வடிந்து குளிக்கும் தடை நீங்கிய பிறகு, கார்த்திகை வாக்கில் வையுங்கள். அதற்கடுத்தது கோடை விடுமுறை தொடங்கும் முன்.